ஒரு தலைக்கு இரண்டு வேண்டுதல்

முதலில் போனது பின்னல்தான். முருகன் கோயிலில் முடியெடுக்கிற கொட்டகையில் நாவிதர் அதை அடியோடு பிடித்துக் கத்தரிக்கோல் வைத்தபோது நறநறவென்று சத்தம் கேட்டது, பிறகு தலை தானாக முன்னால் சரிந்தது. இத்தனை வருஷமும் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "தலைய ஆட்டாதம்மா, இனிமே கத்தி," என்றார் அவர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் மலேசியாவுக்கு, இந்த ஜொகூருக்கு வந்தவர், வெற்றிலை வாசம் அடித்தது. லோஷினி ஆட்டவில்லை. குட்டையான பிளாஸ்டிக் முக்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு ஆம்பிளைக் கை உச்சந்தலையை அமுக்கிப் பிடித்திருக்கும்போது ஆட்டுவதற்கு எங்கே இடம். பின்னல் எதிரே இருந்த நீல வாளிக்குள் சுருண்டு கிடந்தது, அதன் நுனியில் அம்மா காலையில் போட்டுவிட்ட சிவப்பு ரப்பர் அப்படியே இருந்தது. கொடுத்தாயிற்று. கொடுத்தது சரி, எதற்குக் கொடுத்தது என்று கேட்டால்தான் வம்பு. பின்னால் நிற்கிற அம்மாவைக் கேட்டால் அவள் யோசிக்காமல் சொல்லுவாள்: என் மகளுக்கு இங்கேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில், பொறியியல் படிக்க, முருகன் கொடுத்த இடத்துக்கு. அம்மா இதை வேண்டிக்கொண்டது போன தைப்பூசத்தன்று, பால்குடம் தூக்கிய கூட்டத்துக்கு நடுவில், மைக் சத்தத்தையும் மீறி லோஷினிக்கே கேட்கிற மாதிரி. 'இங்கேயே ஒரு இடம் கெடைக்கட்டும் முருகா, அவ முடிய ஒனக்குத் தர்றேன்.' முடி இவளுடையது, வேண்டுதல் அம்மாவுடையது. இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பிள்ளையின் முடியைப் பெற்றவள் நேர்ந்துகொள்வதுதானே வழக்கம், பிள்ளைக்குப் பத்தொன்பது வயது ஆனாலும்.

தண்ணீர் ஊற்றினார்கள். ஐஸ் மாதிரி இருந்தது, காதுக்குப் பின்னால் இறங்கி முதுகில் ஓடியது. இதே தலைமுடியை லோஷினியும் நேர்ந்திருக்கிறாள். அதுதான் யாருக்கும் தெரியாது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த பிறகு பள்ளி நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து சிங்கப்பூருக்கு விண்ணப்பம் போட்டபோது, கடைசிப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், காலில் கல் இடித்தால் ஐயோ என்று வருமே அதுபோல வாயில் வந்துவிட்டது: கெடச்சா முடி தர்றேன் முருகா. யோசித்துச் சொன்னதில்லை. அம்மாவோடு பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் வாய்க்கு வேறு என்ன பழக்கம் வரும். அதுவும் கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னது. கிடைக்காத இடத்துக்கு நேர்ந்துகொள்வதில் என்ன நஷ்டம். இப்போது இரண்டும் கிடைத்துவிட்டது. அம்மா கேட்டது ஒரு மாதம் முன்னால் வந்தது, இவள் கேட்டது மூன்று வாரம் முன்னால், உதவித்தொகையோடு. அம்மா கேட்டதற்கு வீடு முழுக்கப் பாயசம். இவள் கேட்டது கைப்பேசிக்குள்ளேயே கிடந்து, நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது. இன்று இரவுக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லிவிட வேண்டும். ஒரு தலை, ஒரு தலை முடி. முருகன் இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பான்? அம்மா பேரிலா, என் பேரிலா? வீட்டிலேயே இருந்துவிட்டால் அம்மாவின் கடன் தீர்ந்தது, என் கடன் நிற்கும், முடி முளைத்ததும் மறுபடி வந்து உட்கார வேண்டும். போய்விட்டால் என் கடன் தீர்ந்தது, அம்மா இங்கே நின்று கொடுத்த முடி எதற்காகக் கொடுத்தது, நான் வேண்டாமென்று தள்ளிவிட்ட இடத்துக்கா? சாமியை ஏமாற்றின மாதிரி ஆகாதா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் குருக்களிடம் கேட்க வெட்கம், பெரியம்மாவிடம் கேட்டால் ஜொகூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கத்தி உச்சியிலிருந்து நெற்றிப் பக்கம் இறங்கியது. சரசரவென்று உள்ளுக்குள் கேட்டது, வெளியே கேட்பதைவிட மண்டைக்குள் அதிகமாகக் கேட்டது. ஈரக் கற்றை ஒன்று மூக்கில் விழுந்து ஒட்டிக்கொண்டது, எடுக்கக் கை தூக்கப் போனவள் துண்டுக்குள் கை மாட்டியிருப்பது தெரிந்து விட்டுவிட்டாள். அரித்தது. அரிக்கட்டும். "பார்த்துப் போடுங்கய்யா, பொண்ணு தலை, வெட்டு விழுந்துடப் போவுது," என்றாள் பெரியம்மா. அம்மாவின் அக்கா, தவமணி என்று பெயர், ஆனால் மணி அடிக்கிற மாதிரி பேசுவதால் எல்லாரும் பெயரை மறந்து பெரியம்மா என்றே கூப்பிடுகிறார்கள். "முடி மொளைச்சிடும்லா, படிப்புத்தான் முக்கியம். நம்ம பக்கத்துலயே கெடச்சிருச்சு பாரு, அதான் பெரிய விஷயம். காலைல பஸ் ஏறினா போய்ச் சேந்துடலாம், சாயங்காலம் வந்து அம்மாவோட சோறு. ஹாஸ்டல் கீஸ்டல்னு ஒண்ணும் வேணாம். என்ன லோஷி?" என்ன லோஷி என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற பழக்கம் பெரியம்மாவுக்கு இல்லை, அது ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்தில்தான் லோஷினி மூன்று வாரமாக உயிர் வாழ்கிறாள். சும்மா சிங்கப்பூருக்கு ஒரு அப்ளிகேஷன் போட்டேன் என்று ஒருநாள் சொன்னதுதான், அதற்கே அம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, 'ஓ, அங்கயா' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போகாதே என்று சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. 'ஓ, அங்கயா' என்று சொல்லிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். அந்த 'ஓ'வுக்குள் என்ன இருந்தது என்று லோஷினி அன்றிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் அதில் சாபம் இருக்கிறது, ஒருநாள் அழுகை இருக்கிறது, ஒருநாள் ஒன்றுமே இல்லை.

படிப்பைச் சாக்குச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இரண்டு இடத்திலும் ஒரே படிப்பு, இரசாயனப் பொறியியல். இங்கே கணக்கியல் கொடுத்திருந்தால், அங்கே பொறியியல் கொடுத்திருந்தால், எத்தனை சுலபமாகப் போயிருக்கும். எனக்குப் பிடித்தது அங்கேதான் இருக்கிறதும்மா என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கலாம். கேட்டதையே கொடுத்து வைத்திருக்கிறது வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம், குறை சொல்ல வாயில்லாமல் பண்ணிவிட்டது. அங்கே ஆய்வுக்கூடம் பெரிது, பேராசிரியர்கள் பெரியவர்கள், உலக வரிசையில் மேலே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அதில்லை என்று அவளுக்கே தெரியும். அவளுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். காரணத்தோடு வருகிற ஆசையை நாலு பேரிடம் வைத்துப் பேசலாம், இதை எங்கே கொண்டுபோய் வைப்பது. வீட்டு மாடி நடைபாதையில் நின்றால் தெரிகிற அந்தச் சிங்கப்பூர்க் கட்டடங்கள், நடுவில் ஒரு துண்டுக் கடல், அதன்மேல் பாலம். துணி காயப்போட நிற்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து அந்த ஊர் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படமாகிவிட்டது. படத்துக்குள் போக வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றினால் அதற்கு என்ன காரணம் சொல்ல முடியும். வேறு நாடு என்றால் விமானம் ஏறி, வேறு பாஷை பேசி, குளிரில் நடுங்கி இருக்க வேண்டாமா. இது பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. இங்கிருந்து போகிற தண்ணீர்க் குழாய்கூட அந்தப் பாலத்து ஓரமாகத்தான் போகிறது. தண்ணீர் போகிறது, காய்கறி போகிறது, விடியுமுன்னே மழைக்கோட்டு போட்ட ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள் போகிறது. அப்பாவும் அப்படித்தான் போனார்.

அப்பா. நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்த இடத்துக்கே வந்து நின்றாயிற்று. "இந்தப் பக்கம் சாயும்மா," என்று நாவிதர் தாடையைப் பிடித்துத் திருப்பினார், இடது காது பிள்ளையார் சன்னிதிப் பக்கம் வந்தது, அங்கே யாரோ தேங்காய் உடைத்தார்கள். அப்பா ஒரே நாளில் போகவில்லை. அதுதான் அவர் போனதில் உள்ள கெட்டிக்காரத்தனம். முதலில் தினமும் போய் வந்தார், இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினார், ஹெல்மெட்டுக்குள் வேர்த்த தலையோடு வந்து லோஷினியின் கன்னத்தில் முத்தம் கொடுப்பார், உப்புக் கரிக்கும். பிறகு நெரிசல் தாங்கவில்லை என்று கூட்டாளிகளோடு அங்கே அறை எடுத்தார், வாரம் ஒருமுறை வந்தார். பிறகு ஓவர்டைம், இரண்டு வாரம் ஒருமுறை. பிறகு மாதம். பிறகு தீபாவளி. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, பாத்திரம் பறக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை, அங்கே வேறொரு வீடு இருப்பது பெரியம்மா வீட்டுக்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள், அன்றிலிருந்து அவள் உடம்பில் பொரித்த மீ நூடுல்ஸின் வாசம். துணி மட்டும் இன்றைக்கும் அந்த நடைபாதையில்தான் காயப்போடுகிறாள், அந்தக் கட்டடங்களைப் பார்த்தபடி. அவரை அப்பா என்றும் சொல்லுவதில்லை, பேர் சொல்லியும் சொல்லுவதில்லை. அங்க, என்பாள். அங்க மழையாம். அங்க வெலவாசி ஏறிடுச்சாம். அங்க என்றால் ஊரா ஆளா என்று கேட்கவே முடியாது. அந்த 'அங்க'வுக்குத்தான் நான் விண்ணப்பம் போட்டேன், முடி தருகிறேன் என்று வேறு சொன்னேன்.

போனால் அவரைப் பார்க்க நேரிடும். சின்ன ஊர். ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு சின்னப் பெண் இருப்பாள், அவள் கன்னம் என் கன்னம் மாதிரியே இருக்கும். என்ன பேசுவது? நல்லா இருக்கீங்களாப்பா என்றா? பார்க்காத மாதிரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். இல்லை, அதற்குப் பயமில்லை, அதை மூன்று வாரமாக ஒத்திகை பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோய்விட்டது. பயம் வேறு. அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டால்? முதல் வாரம் வீட்டுக்கு வருவேன், இரண்டாம் வாரம் தேர்வு என்பேன், பாலத்தில் நெரிசல் என்பேன். நெரிசல் பொய்யில்லை, நெரிசல் எப்போதும் இருக்கும். ஒருநாள் அறையில் படுத்துக்கொண்டு, இன்றைக்குப் போக வேண்டாம் என்று நினைக்கும்போது, அப்பா எப்படி வராமல் இருந்தார் என்பது எனக்கு விளங்கிவிட்டால்? அவரைக் கெட்டவர் என்று வைத்துக்கொண்டுதான் நானும் அம்மாவும் இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம்.  கத்தி காதோரம் வந்திருந்தது, லோஷினி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் இருந்துவிடு. இருந்துவிட்டால் என்ன? பஸ், பாடம், பஸ், அம்மாவின் சோறு. அம்மா சந்தோஷமாக இருப்பாள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லுவாள். நான் நல்ல பெண்ணாக இருப்பேன், ஒவ்வொரு நாளும் நல்ல பெண்ணாக இருப்பேன், என்றைக்காவது குழம்பில் உப்புக் கூடிப்போன அற்ப விஷயத்துக்கு, உன்னால்தான் நான் போகவில்லை என்று கத்திவிடுவேன். அதை அம்மா எப்படித் தாங்குவாள். போனால் அவள் தனியாக அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள், அப்பா போன புதிதில் அப்படித்தான் சாப்பிட்டாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல். போனாலும் கொலை, இருந்தாலும் கொலை. சும்மா இருந்துவிட்டால்? அந்த யோசனை நேற்று ராத்திரியிலிருந்து பூனை மாதிரி காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கைப்பேசி அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. இன்றைய நாள் இப்படியே கழியட்டும், மொட்டை, பூசை, சாப்பாடு, தூக்கம். நாளைக் காலையில் பார்த்தால் அவகாசம் முடிந்திருக்கும். நான் முடிவு செய்யவில்லை, நாள் முடிந்துவிட்டது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். எவ்வளவு சுலபம் என்று தோன்றியதுமே, இந்தச் சுலபத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்பதும் உறைத்தது.

"முடிஞ்சுதும்மா, எந்திரி," என்றார் நாவிதர். எழுந்தபோது காற்று தலையில் நேராக வந்து பட்டது, இவ்வளவு காற்று இத்தனை நாள் எங்கே இருந்தது என்று இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். சொரசொரவென்று, வேறு யாருடைய தலையோ. பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு பாய்ந்து வந்து வழித்து வழித்துப் பூசினாள், "அடியே, நல்லாத்தான் இருக்குலா, மண்ட உருண்டையா இருக்கு," என்று சிரித்தாள். லோஷினிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, சந்தனம் கண்ணில் பட்ட மாதிரி துடைத்துக்கொண்டாள். வரிசையில் அடுத்து ஒரு கைக்குழந்தையோடு ஒருவர் நின்றார். அவர் ஓர் அடி முன்னால் வைப்பதற்குள் அம்மா, "நவுரு பாப்பா," என்று இவளை ஒதுக்கிவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். முடி முதுகில் இறங்கியது. பாதி நரை.

"ஏய் இந்திரா, ஒனக்கு என்னலா?" என்றாள் பெரியம்மா. "ஒனக்கு ஏது வேண்டுதல்?"

"இருக்குக்கா."

நாவிதர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கய்யா," என்றாள் அம்மா. "இன்னும் நடக்கல."

"என்னம்மா நடக்கல?"

"வேண்டிக்கிட்டது."

"நடக்காம எப்படிம்மா முடி எடுக்கிறது? ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இங்க பாரு," என்றாள். லோஷினி பார்த்தாள். அம்மாவின் கண்ணுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது, அது எப்போது கறுத்தது என்று இவளுக்குத் தெரியவில்லை. "என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. என்னமோ வந்திருக்குன்னு தெரியும். மூணு வாரமா நீ என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசல. ஒங்கப்பாவும் கடைசில அப்படித்தான்." அப்பா என்ற சொல்லை அவள் சொன்னதில் பெரியம்மாகூடத் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "வேலைக்குப் போறேன்னுதான் சொன்னாரு. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு. நான் வாசல்லயே நின்னேன், எத்தன வருஷம். போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உள்ள போயி உக்காந்திருப்பேன்ல." அம்மா முடியை ஒரு கையால் அள்ளி முன்னால் போட்டுக்கொண்டாள். "நான் கேட்டது ஒண்ணுதான். போறதோ இருக்கிறதோ, இவ வாயால எங்கிட்ட சொல்லணும் முருகா, சொன்னா என் முடி ஒனக்குன்னு. அவ்வளவுதான்."

கைக்குழந்தை சிணுங்கியது. நாவிதர் குவளையைக் கீழே வைத்தார். ஒண்ணுமில்லம்மா, என்று லோஷினியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. எத்தனை வசதியான வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், அம்மா கொண்டையை முடிந்துகொண்டு எழுந்துவிடுவாள், இனி ஒருபோதும் கேட்க மாட்டாள், நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டு அங்கே மழையாம் என்பாள். அப்பாவும் இதே இடத்தில் நின்றிருப்பார், வாசலில் ஹெல்மெட்டோடு, இதே வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு. 

"சிங்கப்பூர்ல கெடச்சிருக்கும்மா," என்றாள். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்."

"என்ன சொல்லப் போற?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை என்றுதான் இந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தாள்.

"போறேம்மா."

அம்மாவின் முகம் உடைந்துதான் போயிற்று. மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மகளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, நாவிதர் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

"எடுங்கய்யா," என்றாள்.